யூனா ஆடக் கூடாதா?

"அந்தாளு போயி ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகல, அதுக்குள்ள இவ போடுற ஆட்டத்தப் பாரு."

இந்த வாக்கியத்தை, கிட்டத்தட்ட இதே சொற்களில், 2005ஆம் ஆண்டில் இரண்டு இடங்களில் கேட்டேன். ஒன்று, எங்கள் ஊர் நோணாங்குப்பத்தில். சொல்லப்பட்டது என் பெரியம்மாவைப் பற்றி. இன்னொன்று, புதுச்சேரி நேரு வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் மணிக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு வீடியோ கேம் ஆடவிட்ட ஒரு கடையில். சொல்லப்பட்டது யூனாவைப் பற்றி. யூனா ரத்தமும் சதையுமான பெண் அல்ல. ஜப்பானில் செய்த ஒரு விளையாட்டின் நாயகி. இல்லாத ஒருத்தியின் துக்கத்துக்குக்கூட நம் ஆண்கள் நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. யூனாவின் இரண்டாம் பாகத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வருவது ஓர் இளிப்புதான். இந்தக் கட்டுரை அந்த இளிப்புக்கு எதிராக எழுதப்படுவது.

விளையாட்டு பழக்கமில்லாத தோழிகளுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஃபைனல் ஃபேண்டசி என்பது ஒரு நீண்ட வரிசை. அதில் பத்தாவது, ரோமன் எழுத்தில் எக்ஸ், 2001 ஜூலையில் ஜப்பானில் வெளியானது. இந்த வகை ஆட்டங்களில் நீங்கள் ஒரு கதைக்குள் ஒரு பாத்திரமாக நுழைந்து ஊர் ஊராக நடந்து போகிறீர்கள்; வழியில் சண்டை வந்தால் தாயம் போல, பல்லாங்குழி போல முறை வைத்து ஆடுகிறீர்கள். உங்கள் முறை வந்தால் யோசித்து ஓர் அடி. பிறகு எதிரியின் முறை. கை வேகம் வேண்டியதில்லை, பொறுமை போதும். நம் பாட்டிகள் திண்ணையில் உட்கார்ந்து ஆடியதும் இந்த வகைதான் என்பதால், இது ஆண்பிள்ளை விளையாட்டு என்று எப்போது ஆனது என்பது எனக்கு விளங்காத விஷயம்.

கதை ஸ்பைரா என்ற உலகத்தில் நடக்கிறது. கடலுக்குள்ளிருந்து சின் என்ற பேருருவம் வந்து கரையோர ஊர்களைத் துடைத்துவிட்டுப் போகும். 2004 டிசம்பர் 26க்குச் சில மாதங்களுக்குப் பிறகு, எங்கள் கடற்கரையிலிருந்து நடக்கும் தொலைவில் உட்கார்ந்து நான் அதை ஆடினேன் என்பதால் அந்தக் காட்சிகளை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சின்னை விரட்ட ஒரே வழி, 'சம்மனர்' எனப்படும் ஒருவர் கோயில் கோயிலாக யாத்திரை போய், இறுதியில் ஒரு பெரும் சக்தியை அழைத்து அதை வீழ்த்துவது. அழைப்பவர் அந்த இடத்திலேயே செத்துவிடுவார். சின் சில ஆண்டுகள் வராது. பிறகு வரும். பிறகு இன்னொருவர் சாக வேண்டும். யூனாவின் அப்பா அப்படிச் செத்தவர். இப்போது பதினேழு வயது யூனா கிளம்பியிருக்கிறாள். அவள் சாகத்தான் போகிறாள் என்பது கூட நடக்கும் எல்லோருக்கும் தெரியும், அவள்மீது காதலாகிற டீடஸ் என்ற பையனைத் தவிர. ஊர் ஊராக மக்கள் அவளை வணங்குகிறார்கள், ஆசி கேட்கிறார்கள், குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். பலிக்குப் போகும் ஆட்டுக்கு மாலை போடுகிற அதே பக்தி.

யூனா கடைசியில் அந்தச் சடங்கை மறுக்கிறாள். இத்தனை சாவும் ஒரு பொய்க்காக என்று தெரிந்ததும், யாரும் பலியாகாமல் சின்னை ஒழிக்க வழி தேடுகிறாள், ஒழிக்கிறாள். ஆனால் டீடஸ் மறைந்துவிடுகிறான். அவன் ஒரு கனவின் துண்டாக இருந்தவன். கதை முடிகிறது. அழாமல் அதை முடித்தவர்களை நான் பார்த்ததில்லை.

முதல் பாகத்தில் யூனா ஆடுகிறாள் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். சின் அழித்த ஊரில் மிதக்கும் சவங்களுக்கு நடுவே, தண்ணீரின் மேல் நின்று, இறந்தவர்களின் ஆவியை வழியனுப்ப ஆடுகிறாள். நீண்ட கை வைத்த சட்டை, கணுக்கால் வரை பாவாடை, கையில் கோல், முகத்தில் துயரம். இதுவரை வந்த விளையாட்டுகளிலேயே மிக அழகான காட்சி என்று அதைப் புகழ்கிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நானும் புகழ்வேன். சாவுக்கு ஆடியபோது அவள் தெய்வம்.

2003 மார்ச்சில் எக்ஸ்-2 வந்தது. அந்த வரிசையில் ஆட்டமாகவே வந்த முதல் நேரடித் தொடர்ச்சி அது. கதையில் இரண்டு ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. சின் இல்லை. யூனாவுக்குப் பத்தொன்பது வயது. கையில் கோலுக்குப் பதில் இரண்டு துப்பாக்கி, நீண்ட பாவாடைக்குப் பதில் அரைக்கால் சட்டை, கூட ரிக்கு, பெய்ன் என்று இரண்டு பெண்கள். ஒரு வான்கப்பலில் ஏறிப் புதையல் தேடிச் சுற்றுகிறார்கள். சிரிக்கிறார்கள், சண்டை போட்டு ஜெயித்தால் கைதட்டிக் குதிக்கிறார்கள். யூனா பாடுகிறாள். தனக்காக ஆடுகிறாள்.

அவ்வளவுதான். தெய்வம் தேவடியாள் ஆகிவிட்டாள். இந்தச் சொல்லை நான் ஒன்றும் புதிதாகப் போடவில்லை. அந்தக் கடையில், என் முதுகுக்குப் பின்னால், பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் பயன்படுத்திய சொல் அது. "அவனுக்காக உருகுனவ, இப்ப குத்தாட்டம் போடுறா." ஆங்கிலத்தில் எழுதும் பெரியவர்கள் இதையே நாகரிகமாகச் சொன்னார்கள்: தொனி கெட்டுவிட்டது, முதல் பாகத்தின் கனத்துக்கு அவமரியாதை, பாத்திரத்துக்குத் துரோகம். சந்துக் கடையின் சொல்லுக்கும் அந்தச் சொற்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு சோப்புக் கட்டி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த இளிப்பெல்லாம் ஆட்டத்தின் தொடக்கக் காட்சியைப் பார்த்து வந்தது: லூக்கா நகரத்து அரங்கில் விளக்கொளிக்கு நடுவே யூனா பாடி ஆடும் காட்சி. அது யூனாவே அல்ல. லெப்ளாங் என்ற திருட்டுக் கூட்டத் தலைவி, யூனாவின் உடையைத் திருடி அவளுடைய உருவத்தில் மேடையேறியிருக்கிறாள். உண்மையான யூனா ஒரு பொம்மை வேஷத்துக்குள் வியர்த்துக்கொண்டு வெளியே நிற்கிறாள். முதல் அரைமணி நேரம் பொறுமையாக ஆடியிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்க அரைமணி நேரம் அதிகம்போல.

பெரியம்மாவுக்கு வருகிறேன். பெரியப்பா 'சொல்தா'. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் இப்படித்தான் சொல்வோம். அவர் இறந்ததும் பிரான்ஸ் அரசின் விதவை ஓய்வூதியம் பெரியம்மாவின் பெயருக்கு வந்தது. எங்கள் தெருவில் கணவன் போன பெண்களில் மாதம் பிறந்தால் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். பின்னால் நடந்ததற்கெல்லாம் அடிப்படை அதுதான் என்று நினைக்கிறேன். முதல் ஆண்டு வெளியே வரவில்லை. இரண்டாம் ஆண்டு மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை எடுத்தார். ஐம்பத்திரண்டு வயதில் ஸ்கூட்டி ஓட்டப் பழகினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்பாறு படகுக் குழாமுக்குப் போய், டிக்கெட் எடுத்து, சுற்றுலாக்காரர்களோடு படகில் ஏறிப் பாரடைஸ் பீச்சுக்குப் போய்வந்தார்.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை அந்தப் படகுத்துறை. ஊரெல்லாம் வந்து ஏறுகிற படகில் உள்ளூர்ப் பெண்கள் மூவர் ஏறியது ஒரு மாதத்துக்குப் பேச்சாக இருந்தது. பெரியப்பாவின் அண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்து, "அண்ணி, ஊரு என்னா பேசுதுன்னு தெரியுதா?" என்று கேட்டார்கள். பெரியம்மா காபி கொடுத்து அனுப்பினார். "போட்ல போனா தண்ணி மேலதான போவுது, இவங்க தலை மேலயா போவுது" என்று என்னிடம் சொன்னார். ஓய்வூதியப் பணத்தைக் குடும்பப் பொதுவில் வைக்கலாமே என்ற யோசனையும் அந்த மாதத்தில்தான் முதன்முதலாக வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. துக்கம் போதவில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சொத்துக் கணக்கு இருக்கும்.

டீடஸும் யூனாவும் மணமானவர்கள் அல்லர். முதல் பாகத்தில் யூனாவின் கல்யாணம் ஒன்று நடக்கிறது. அது வேறொருவனோடு, துப்பாக்கி முனையில், அரசியல் லாபத்துக்காக நடப்பது. அவள் கோபுரத்தின் உச்சியிலிருந்து குதித்துத் தப்பிக்கிறாள். ஆனாலும் ரசிகர்கள் டீடஸ் பெயரில் அவளுக்குத் தாலி கட்டி, அறுத்து, வெள்ளைச் சேலையும் கொடுத்துவிட்டார்கள். உடன்கட்டை ஏறியிருந்தால் முதல் பாகத்தோடு சரியாகப் போயிருக்கும். உண்மையில் முதல் பாகத்தின் சடங்கு அவளிடம் கேட்டது அதைத்தானே. சாவிலிருந்து தப்பித்தவளிடம் இப்போது வாழ்நாள் துக்கத்தைக் கேட்கிறார்கள். வட்டியோடு வசூல்.

ஆண் துக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே ஆட்டம் காட்டுகிறது. இதை யாரும் பேசுவதே இல்லை. எக்ஸ்-2இன் எதிரி ஷூயின் என்பவன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த போரில் அவன் காதலி லென் என்ற பாடகியோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டவன். அந்தத் துக்கம் ஆயிரம் ஆண்டாகத் தணியவில்லை. வெக்னகன் என்ற ராட்சத ஆயுதத்தை இயக்கி உலகத்தையே அழித்துவிடப் பார்க்கிறான். இவனை ஆழமான பாத்திரம், சோக நாயகன் என்கிறார்கள். காதலனை இழந்த யூனா செய்ததெல்லாம் நண்பிகளோடு ஊர் சுற்றியது, அது மேலோட்டம். காதலியை இழந்தவன் ஊரையே கொளுத்த வருகிறான், அது ஆழம். இரண்டு துக்கத்தையும் ஒரே ஆட்டத்துக்குள் எதிரெதிரே வைத்துக் காட்டியும், பார்க்க மாட்டேன் என்கிறவர்களை என்ன செய்வது?

தமிழ் வாசகர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்கக் கூடாது. எங்கள் ஊர் வழியாகப் போகும் கடலூர் சாலையில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் சிதம்பரம், சீர்காழி தாண்டிப் பூம்புகார் வரும். அங்கே தொடங்கிய ஒரு கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. சிலப்பதிகாரத்தின் நாயகி கணவனுக்காக மதுரையை எரித்துத் தெய்வமானாள். அதன் தொடர்ச்சியான மணிமேகலையின் நாயகி மாதவியின் மகள். கோவலன் செத்தான் என்று கேட்டு மாதவி ஆடலை விட்டுவிட, பாட்டி சித்திராபதி குமுற, இளவரசன் உதயகுமாரன் அந்தப் பெண்ணைத் துரத்த, அவள் தனக்கு எழுதிவைத்திருந்த மேடையிலிருந்து தப்பிக்கிறாள். மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் தருகிறது: வேற்றுருக் கொள்ள ஒன்று, வானத்தில் பறக்க ஒன்று, பசி தாங்க ஒன்று. காயசண்டிகையின் உருவம் எடுத்து இளவரசன் கண்ணில் மண்ணைத் தூவுகிறாள். பறந்து தீவுக்கும் நகரங்களுக்கும் போகிறாள். அமுதசுரபியால் ஊருக்குச் சோறு போடுகிறாள். அரசனிடம் கேட்டுச் சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றுகிறாள். வஞ்சி நகரில் தெய்வமாகிவிட்ட கண்ணகியின் படிமத்தின் முன் நின்று, முதல் பாகத்தின் நாயகியிடமே அவள் செய்ததைப் பற்றிக் கேட்கிறாள். கண்ணகியும் தன் சினத்தின் வினை இன்னும் தீரவில்லை என்கிறாள்.

யூனாவும் உருமாறுகிறாள். எக்ஸ்-2இன் சண்டையே உடை மாற்றுவதில்தான் இருக்கிறது. ஒவ்வோர் உடைக்கும் ஒரு தொழில், ஒரு திறமை: துப்பாக்கிக்காரி, திருடி, வாள்வீராங்கனை, வைத்தியச்சி, பாடகி. சண்டை நடக்கும்போதே மாற்றலாம். 'உடை மாற்றி விளையாடும் பொம்மை விளையாட்டு' என்று கேலி செய்தார்கள். மணிமேகலை வேற்றுருக் கொண்டால் காப்பியம்.

காப்பியம் என்பதும் எவ்வளவு தூரம்? நான் பள்ளியில் படித்த காலம் முதல் கேட்டுவருவது இதுதான்: சிலம்பில் கலை உண்டு, மேகலையில் பிரச்சாரம்தான் உண்டு. உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். அன்று தொட்டு நம் மேடைகளில் கண்ணகிக்கு எத்தனை நாள், மணிமேகலைக்கு எத்தனை நாள் என்று கணக்கெடுத்தால் போதும். கணவனுக்காக எரிந்தவளுக்குச் சிலை. சோறு போட்டவளுக்குப் பாடநூலில் ஒரு பக்கம். மணிமேகலை துறவை நோக்கிப் போனாள், யூனா துறவிலிருந்து வெளியே வந்தாள், திசை வேறு. இருவரும் முதல் பாகம் தங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் உட்கார மறுத்தவர்கள். சாத்தனார்மீதான புகாரும் ஜப்பானியர்மீதான புகாரும் ஒரே நீதிமன்றத்தில் தாக்கல் ஆனவை.

நான் அதை ஆடியது பிரெஞ்சில். பாரிஸ் புறநகரில் இருந்த என் அக்கா முறையானவள் விடுமுறைக்கு வந்தபோது பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்றையும் இரண்டு ஆட்டங்களையும் விட்டுவிட்டுப் போனாள். ஐரோப்பாவில் 2004இல் வந்த பதிப்பு. பேச்சு ஆங்கிலம், எழுத்து பிரெஞ்சு. பள்ளியில் படித்த பிரெஞ்சும் அகராதியும் போதுமானதாக இருந்தன. பிரெஞ்சில் ஒரு விதி உண்டு: பெண்கள் மட்டும் உள்ள கூட்டத்தைக் குறிக்க 'எல்', நூறு பெண்களோடு ஓர் ஆண் சேர்ந்துவிட்டால் அது 'இல்' ஆகிவிடும். பள்ளியில் அந்த விதியைச் சொல்லித் தந்தபோது யாருக்கும் எரிச்சல் வரவில்லை. யூனா, ரிக்கு, பெய்ன் மூவரும் சேர்ந்து நிற்கும் சண்டைகளில் அவர்கள் முழு நேரமும் 'எல்'. பதினெட்டு வயதில் அது எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை, நல்ல புத்தகங்கள் பல கொடுத்ததில்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு, இதை ஆடியவர்களுக்குத்தான் உடம்பில் தெரியும். முதல் பாகத்தின் சண்டை உங்களுக்காகக் காத்திருக்கும். உங்கள் முறையில் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வரலாம். எக்ஸ்-2இல் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு நிரம்பிக்கொண்டே இருக்கும். நிரம்பியதும் அடிக்க வேண்டும். நீங்கள் யோசிக்கும் நேரத்தில் எதிரி அடித்துவிடுவான். முறை வைத்து ஆடுவதன் எலும்பு அப்படியே இருக்கிறது, ஆனால் முறைக்காகக் கைகட்டிக் காத்திருப்பது போய்விட்டது. இந்த மாற்றத்தை 'பழைய பொறுமை போச்சு' என்று குறை சொன்னவர்களை நான் மதிக்கிறேன். அது ஆட்டத்தைப் பற்றிய குறை. எனக்கு உடன்பாடில்லை, அவ்வளவே.

இனி நம் பக்கத்துத் தோழிகளோடு ஒரு சண்டை. எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருமுறை இதைப் பற்றிப் பேசியபோது, "அரைக்கால் சட்டை போட்ட பெண்ணை ஆண்கள் ரசிக்கச் செய்திருக்கிறார்கள், இதில் உனக்கு என்ன பெண்ணியம்?" என்று கேட்டார்கள். கேள்வியின் பாதி சரி. அந்த ஆட்டத்தின் இயக்குநர் மோட்டோமு டோரியாமா, தயாரிப்பாளர் யோஷினோரி கிடாசே, எழுதியவர்கள் கசுஷிகே நோஜிமாவும் டைசுகே வாட்டனாபேவும், அனைவரும் ஆண்கள். கேமரா எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தாலே அது தெரியும். கதைக்கு எந்தத் தேவையும் இல்லாமல் வெந்நீர் ஊற்றில் குளிக்கும் காட்சி ஒன்று உண்டு. யூனா வேஷம் மாறி எதிரி வீட்டுக்குள் நுழைந்து, லெப்ளாங்குக்கு முதுகு பிடித்துவிடும் சிறு விளையாட்டு ஒன்று உண்டு. அதை யாருக்காகச் செய்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. முதல் பாகத்தின் ஊர்களையும் சாலைகளையும் அப்படியே திரும்பப் பயன்படுத்தி, சிறிய குழுவோடு, சீக்கிரமாகச் செய்து முடித்தார்கள். பெண்ணின் இரண்டாம் பாகத்துக்கு முதல் பாகத்தில் மீந்ததுதான் கிடைக்கிறது. பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததுபோல.

ஆனால் கேள்வியின் அடுத்த பாதியில் தோழிகள் சந்துக் கடைக்காரர்களோடு கைகோக்கிறார்கள். கேமராவைக் குற்றம் சொல்ல எழுந்தவர்கள் யூனாவைக் குற்றம் சொல்லி உட்காருகிறார்கள். நீண்ட பாவாடையோடு சாகப் போனவள் கண்ணியமானவள், அரைக்கால் சட்டையோடு வாழ வந்தவள் கண்ணியக்குறைவானவள் என்றால், நாம் ஆடையை அளக்கிறோமா, அவள் என்ன முடிவெடுத்தாள் என்பதை அளக்கிறோமா? முதல் பாகத்தின் யூனா அமைதியானவள், பணிவானவள், ஊருக்காகச் சாகச் சம்மதித்தவள். அந்த யூனாவை ஆண்களின் கற்பனை என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு இரண்டும் ஆண்களின் கற்பனைதான். அரைக்கால் சட்டை பளிச்சென்று தெரிகிற கற்பனை. தியாகம் பழகிப்போன கற்பனை.

சரி, அவள் என்னதான் முடிவெடுத்தாள்? ஸ்பைராவில் மதம் சரிந்ததும் கட்சிகள் முளைக்கின்றன. பழைய கோயிலைச் சீர்திருத்தி நடத்தும் புதிய யெவோன், அதை எதிர்க்கும் இளைஞர் கழகம். இரண்டுக்கும் யூனாவின் முகம் வேண்டும். மேடையில் நிற்க ஒரு புனிதப் பெண் இல்லாமல் எந்தக் கட்சியும் நடப்பதில்லை. யூனா இருவரிடமும் தன்னைக் கொடுத்துவிடுவதில்லை. அவர்கள் போருக்குத் தயாராகும்போது இடிமின்னல் சமவெளியில் கச்சேரி நடத்தி இரண்டு பக்கத்தையும் ஒரே இடத்தில் உட்காரவைக்கிறாள். கேலி செய்யப்பட்ட அந்தப் பாட்டு இதற்குத்தான்.

கடைசிக் கட்டத்தில் நூஜ் என்ற தலைவன் ஒரு திட்டம் சொல்கிறான். ஷூயினின் ஆவியைத் தன் உடலுக்குள் வாங்கிக்கொள்கிறேன், என்னோடு சேர்த்து அவனைக் கொன்றுவிடுங்கள். ஒருவர் செத்தால் உலகம் பிழைக்கும். முதல் பாகத்தின் அதே பழைய கணக்கு, புதிய சட்டை போட்டு வருகிறது. யூனா முடியாது என்கிறாள். நயமாகச் சொல்லவில்லை, உங்கள் திட்டம் மட்டம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். நண்பர்களை இழந்து ஜெயித்தது ஒருமுறை போதும், அந்த மாதிரி வெற்றி இனி வேண்டாம் என்பது அவள் வாதம். இரண்டு ஆண்டுகளாக அவள் துக்கப்படவில்லை என்று சொன்னவர்கள் இந்தக் காட்சி வரை வந்திருக்க மாட்டார்கள். துக்கம் அவளுக்கு அரசியல் ஆகியிருக்கிறது. ஷூயினுக்கு அது ஆயுதமானது. இதற்கு மேல் கனம் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் எந்தத் தராசைக் கொண்டுவருவது?

முடிவைப் பற்றி ஒரு சண்டை பாக்கி. இது ஆட்டத்தைச் செய்தவர்களோடு. எக்ஸ்-2இல் நீங்கள் எவ்வளவு பார்த்தீர்கள் என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொருவரிடமும் பேசி, ஒரு காட்சியையும் தவறவிடாமல் இருந்தால் நூறு கிடைக்கும். நம் வீட்டு வேலை மாதிரி: எல்லாம் செய்தும் உப்பு குறைந்தால் தொண்ணூற்றொன்பது. கடைசியில் ஒரு சிறுவனின் ஆவி வந்து, அவனைத் திரும்பப் பார்க்க வேண்டுமா என்று யூனாவிடம் கேட்கும். வேண்டும் என்றால், அதற்கு முன் செய்யவேண்டியதையும் சரியாகச் செய்திருந்தால், டீடஸ் கடலிலிருந்து எழுந்து வருவான். நூறு கிடைத்தால் இருவரும் பேசும் காட்சி கூடுதலாக வரும். முழுமையான முடிவு என்று அதற்குத்தான் பெயர். கேள்வி கேட்டது எனக்குப் பிடித்தது. முதல் பாகத்தில் அவளை யாரும் எதையும் கேட்கவில்லை. ஆனால் அவன் வந்தால்தான் முழுமை என்று பரிசை வைத்த இடத்தில், ஆட்டம் தன் நாயகியை நம்பாமல் போய்விட்டது. அவனுக்காக ஏங்கித்தான் அவள் கிளம்பினாள் என்பது உண்மை. வழியில் அவள் கண்டுபிடித்தது அவனை மட்டும் அல்ல என்பதும் உண்மை. நான் வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தினேன். யூனா வான்கப்பலில் தோழிகளோடு போகிறாள். அக்கா மகன் அதைப் பார்த்துவிட்டு, "சித்தி, தப்பா அமுக்கிட்டீங்க" என்றான்.

இரண்டாம் பாகத்தில் பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று யோசிக்கும்போது எனக்கு வெண்பாவும் நினைவுக்கு வரும். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட விளையாட்டு. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்ப் பெண் சமைக்கிறாள். இட்லியும் புட்டும் பிரியாணியும் வழியாக ஒரு குடும்பத்தின் கதை. 2024இல் பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருது கிடைத்தது. நம் சமையலறை திரையில் வந்ததில் எல்லோருக்கும் பெருமை. கணவன் இறந்து, மகன் தன் வழியில் போனபின், வெண்பா தனியாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். அந்த வாழ்க்கையை நாம் ஆடுவதில்லை. மகன் அவளைப் பார்க்க வருவதைத்தான் ஆடுகிறோம். நல்ல ஆட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு தமிழ்ப் பெண் விமானம் ஏறித் தனியாக வந்து இறங்கிய அந்த முதல் மாதத்தை நான் ஆடிப் பார்க்க விரும்புகிறேன். யாருக்கும் சமைக்காமல் அவள் என்ன சாப்பிட்டாள்?

யூனாவை இரண்டாம் பாகத்தோடும் விடவில்லை. 2013இல் இரண்டு ஆட்டங்களையும் புதுப்பித்து வெளியிட்டபோது, கூடவே ஓர் ஒலிநாடகம் சேர்த்தார்கள். எழுதியவர் நோஜிமா. அதில் சின் திரும்ப எழுகிறது. யூனா பழையபடி இறந்தோரை வழியனுப்பும் பணிக்கு வந்திருக்கிறாள். டீடஸை விட்டுப் பிரிகிறாள். சின்னை மீண்டும் அழிப்பேன் என்று உறுதி சொல்கிறாள். பத்து ஆண்டு இளித்தவர்களுக்குக் கிடைத்த வெற்றி அது. பாட்டும் ஆட்டமும் முடிந்தது, பொண்ணு வீட்டுக்கு வந்துவிட்டாள், பாவாடையைக் கட்டிவிட்டாள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் சந்துக் கடையில் வந்ததைவிடப் பெரியது. கடைக்காரப் பையன்களுக்கு அவள்மீது அதிகாரம் இல்லை, இவர்களுக்கு இருக்கிறது.

2021இல், முதல் ஆட்டத்தின் இருபதாம் ஆண்டை ஒட்டி, அதைச் செய்தவர்கள் ஜப்பானிய இதழ் ஒன்றில் பேசினார்கள். மூன்றாம் பாகத்துக்கான கதைச்சுருக்கத்தை நோஜிமா எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அது எப்போது வரும், வருமா என்பது அவர்கள் பாடு. ஆனால் அந்தச் சுருக்கத்தில் சின்னை ஒழிக்க யாராவது சாக வேண்டும் என்று எழுதியிருந்தால், அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். யூனா அந்த வேலைக்குப் பதினேழு வயதிலேயே போய்விட்டு வந்துவிட்டாள்.